எமில்டாவின் பதினோரு நிமிட உரை

எமில்டாவுக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் பசிக்காது, தூக்கம் வராது, வாய் மட்டும் நிற்கவே நிற்காது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடி மாடித்தோட்ட நண்பர்கள் வட்டத்தின் செயலாளர் வெள்ளத்துரை அண்ணாச்சி போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கதாம்மா சிறப்பு விருந்தினர். மீன் அமிலத்தப் பத்தி இருவது நிமிசம் பேசணும்."

பேச வருவதாக இருந்த பேராசிரியருக்குத் திடீர்க் காய்ச்சல். போன வாரம் வட்டத்தின் நோட்டீஸ் கொடுக்க வந்த அண்ணாச்சி, எமில்டாவின் மொட்டைமாடியிலிருந்து தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த புடலங்காய்களை அண்ணாந்து பார்த்திருந்தார். பேராசிரியர் படுத்ததும் அவருக்கு அந்தப் புடலங்காய்தான் ஞாபகம் வந்தது.

சிக்கல் என்னவென்றால், அண்ணாச்சி நோட்டீஸ் கொடுத்தது கீழ்வீட்டில். அங்கே இருக்கும் பிரேமாதான் வட்டத்தின் தலைவி. எமில்டா குடியிருக்கும் மாடிவீட்டுக்குச் சொந்தக்காரியும் அவளே. மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு படியேறி வந்து, "மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு அந்த டிரம் போகணும், இல்ல நீங்க போகணும்" என்று சொல்லிவிட்டு இறங்கியவளும் சாட்சாத் அவளேதான்.

டிரம்மில் இருந்தது மீன் அமிலம். மீன் கழிவையும் அதே எடைக்குக் கருப்பட்டியையும் போட்டு மூன்று நாலு வாரம் ஊறவைத்தால் தேன் நிறத்தில் ஒரு சாறு இறங்கும். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சூண்டு கலந்து விட்டால் போதும், செடி பேயாட்டம் ஆடும். ஊறி முடிந்தது பழம் போல மணக்கும். ஊறாதது எப்படி நாறும் என்று எழுதப் போனால் இந்தத் தாளும் நாறிவிடும். பிரேமா வீட்டுக் கொல்லையில் நின்ற குண்டுமல்லி இரண்டு வருடமாக ஒரு மொட்டு வைக்கவில்லை. இருந்தாலும் தலைவியிடம் போய் மீன் அமிலத்தைப் பற்றிச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

எமில்டா மணப்பாட்டில் பிறந்தவள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த இருபத்துநாலு வருடத்தில் ஆறு வாடகை வீடு பார்த்துவிட்டாள். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்க்கும் கணவன் ஜெஸ்டின் ஒவ்வொரு தடவையும் பீரோவைச் சுமப்பான், இவள் தொட்டிகளைச் சுமப்பாள். முதல் ஐந்து வீட்டிலும் ஜன்னல் விளிம்புதான் தோட்டம். ஆறாவதாக இந்த மொட்டைமாடி வாய்த்ததும் ஒரு வாரம் அடுப்பையே பற்றவைக்காமல் மண் சுமந்தாள். ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டீ போடுவதும் ஃபைல் அடுக்குவதும் அவள் வேலை. அங்கே யார் குடித்த டீயானாலும் தூள் இவளுடைய கத்தரிக்குத்தான் வந்து சேரும். அந்த மாடியை விட்டுவிட்டு ஏழாவது வீடு பார்க்க அவள் தயாராக இல்லை.

"பேசியே பிரேமாக்காவ மாத்திருவேன், பாருங்க" என்றாள் ஜெஸ்டினிடம்.

"நீ பேசுனா நம்ம மட்டுமில்ல, தெருவே காலி பண்ணிரும்" என்றான் அவன்.

கூட்டத்தில் காட்டுவதற்கு இரண்டு பாட்டில் எடுத்துவைத்தாள். ஒன்று ஊறி முடிந்தது, மற்றது ஊறி ஆறே நாள் ஆனது. பிரேமாவின் மூக்கை மனதில் வைத்து, ஆறு நாள் பாட்டிலின் மூடியை இரண்டு கையாலும் திருகினாள். அது போதாதென்று, கப்பல் வடம் இழுத்துக் காய்த்துப்போன கையால் ஜெஸ்டினையும் ஒரு திருகு திருகச் சொன்னாள்.

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேனரை மாற்ற நேரம் போதவில்லை. அதிலிருந்த பேராசிரியர் படத்தின் முறுக்கு மீசைக்குக் கீழே 'திருமதி எமில்டா' என்று பெயரை மட்டும் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து எமில்டாவுக்கு வந்த சிரிப்பில் பாதிப் பேச்சு மறந்துபோனது.

சிறப்பு விருந்தினர் பெண் என்றால் பொன்னாடை போர்த்துவதும் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை ஆரம்பித்துவைத்தவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஊதாப் பட்டுடுத்திய தலைவி எழுந்து வந்து, பல்லைக் கடித்துச் சிரித்தபடி போர்த்திவிட்டு, காதோரமாக, "டிரம்மப் பத்தி ஒரு வார்த்த வரக் கூடாது" என்றாள்.

எமில்டாவிடம் டிரம்மைத் தவிர வேறு பேச்சே இல்லை. பேசினாள். அவள் பேசப் பேசக் கூட்டம் நாற்காலி நுனிக்கு வந்தது. பின்வரிசைப் பெண்கள் குறிப்பெடுத்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோராவது நிமிடம், "எல்லாத்தையும் மறந்தாலும் இத மறக்காதீங்க. ஊறுற வரைக்கும் மூடிய இறுக்கவே கூடாது. உள்ள கேஸ் சேரும். இறுக்குனோம்னா..." என்றவள் அப்படியே நின்றாள்.

மேசைமேல், பிரேமாவுக்கு நேர் எதிரே, ஆறு நாள் பாட்டில் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றது.

"பிரேமாக்கா, எந்திரிச்சி ஓடுங்க!"

ஒரு குடித்தனக்காரி சொல்லித் தலைவி ஓடுவதா? பிரேமா இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். படார்!

மூடி மின்விசிறியில் பட்டுத் தெறித்தது. முன்வரிசை பின்வரிசைக்கு ஓடியது. பின்வரிசை வாசலுக்கு ஓடியது. வாயில் வைத்த மக்ரூன் இனிப்பை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒருவர் தவித்தார். உச்சி முதல் பாதம் வரை நனைந்து பிரேமா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எமில்டா தன் பொன்னாடையை உருவி அவளைச் சுற்றிப் போர்த்தினாள். எதையும் முறைப்படி முடிக்கிற வெள்ளத்துரை அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

"இத்துடன் செயல்முறை விளக்கம் இனிதே நிறைவுற்றது."

கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. எமில்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வீடு போயே போச்சு.

எந்த ஆட்டோக்காரரும் பிரேமாவை ஏற்றவில்லை. கடைசியில் எமில்டாவின் ஸ்கூட்டரில்தான் ஏறினாள். வழி நெடுகப் பொன்னாடை காற்றில் பறந்தது. சிக்னலில் நின்றபோது பக்கத்துக் கருவாட்டுக் கடையை விட்டுவிட்டு இரண்டு பூனைகள் இவர்களைப் பார்த்து வந்தன. பிரேமா காலைத் தூக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துச் சேலையை அலசினாள். ஒவ்வொரு வாளியையும் கோபத்தோடு குண்டுமல்லிச் செடியின் அடியில் கொட்டினாள். எமில்டா அதை மாடியிலிருந்து பார்த்தாள். எட்டிப் பார்க்கத்தான் தைரியம் இருந்தது, கீழே இறங்க இல்லை.

மாதக் கடைசி வந்தது. டிரம்மைக் கொட்ட மனசு வராமல், தொட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்டது. பிரேமா ஒரு காலிச் செம்போடு வந்து நின்றாள். மூக்கைப் பொத்தவில்லை. தலையில் குண்டுமல்லிச் சரம்.

"ஏளா எமில்டா, இது கடையில வாங்குன பூ இல்ல" என்றாள். "நம்ம கொல்லையில பூத்தது. ரெண்டு வருசம் கழிச்சு."

எமில்டா சாக்குக் கயிற்றைப் பிடித்தபடி பூவையே பார்த்து முழித்தாள்.

"முழிக்காத. சாக்க அவுரு. டிரம் இங்கனயே கிடக்கட்டும். இப்ப இதுல கொஞ்சம் ஊத்து."

எமில்டா ஊற்றினாள். அவசரத்தில் பாதி தரையில் போனது. செம்பைப் பத்திரமாக ஏந்திக்கொண்டு நாலு படி இறங்கிய பிரேமா, திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"மூடிய மட்டும் இறுக்கிராத, என்ன?"