மதில் தாண்டினால் அவுட்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் ஷிண்டே எனக்கு வணக்கம் சொல்வதில்லை. வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலால் பின்மதிலுக்கு மேலே வானத்தைக் காட்டுவார். நானும் டிபன் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அதே திசையில் விரலை நீட்டுவேன். அவர் சிரிப்பார், நான் சிரிப்பேன், கேட் திறக்கும். பதினோரு வருடமாக இப்படித்தான். புதிதாகக் குடிவந்தவர்கள், ஏதோ விமானம் இறங்குவதைத்தான் பார்க்கிறோம் போலிருக்கிறது என்று அவர்களும் அண்ணாந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகிறார்கள். கோயமுத்தூரில் நான் பிறந்து வளர்ந்த தெருவில் ஒருவர்கூட என்னைப் பார்த்து வானத்தைக் காட்டியதில்லை. விரல் நீட்டியிருந்தால் அது என்னைக் காட்டித்தான், அதுவும் நல்ல காரணத்துக்காக இருக்காது.

புனேயில் கோர்படி பக்கம், ரயில்வே காலனியைத் தாண்டி எங்கள் குடியிருப்பு. ஏ, பி என்று இரண்டு கட்டடங்கள், மும்மூன்று மாடி. நடுவில் கார் நிறுத்தவும் சண்டை போடவும் கிரிக்கெட் ஆடவும் பொதுவாக ஒரு சிமென்ட் தரை. பின்மதிலுக்கு அப்பால் ராணுவத்தின் நிலம், மதில்மேல் முள்கம்பி. அங்கே விழுந்த பந்து தேசத்துக்கு நேர்ந்துவிட்டது மாதிரி, திரும்பி வராது. ஆகவே இங்கே ஒரு சட்டம் உண்டு. பந்து தரையில் படாமல் மதிலைத் தாண்டினால் ஆறு ரன் கிடையாது. அவுட். ஊர் உலகத்தில் எது வீரமோ அதுவே எங்கள் சிமென்ட் தரையில் குற்றம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்துபோனவர்களால்தான் நான் பெரிய மனிதன் ஆனேன்.

பீளமேட்டில் நான் ஆடிய காலத்தில் இரண்டு அணிகளும் என்னைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்கும். "நீங்களே வெச்சுக்கங்க", "அட பரவால்லீங்க, நீங்க வெச்சுக்கங்க" என்று அப்படி ஒரு மரியாதை. படித்து, மோட்டார் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகனாகக் காலம் தள்ளி, பிறகு கசார்வாடியில் வால்வு உடல்கள் வார்க்கும் ஒரு சின்ன தொழிற்சாலையில் அதே வேலை கிடைத்துப் புனேவுக்கு வந்தேன். மராத்தி ஒரு சொல்லும் வராது. ஹிந்தி வரும், ஆனால் என்னிடம் வந்தபிறகு அது திரும்பிப் போக வழி தெரியாமல் நிற்கும். குடியிருப்பில் எனக்கு வைத்த பெயர், "வோ மதராஸி". அந்த மதராஸி. கெட்ட எண்ணத்தில் இல்லை. மூன்றாம் மாடியில் ஒரு கதவு, அதற்குப் பின்னால் ஒரு மதராஸி, அவ்வளவுதான்.

முதல் வருடம், மகாராஷ்டிர தினம். காலையில் கொடியேற்றம், அப்புறம் ஏ கட்டடமும் பி கட்டடமும் மோதும் டென்னிஸ் பந்து கிரிக்கெட், அப்புறம் வடாபாவ். ஏ கட்டடத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. செயலாளர் குல்கர்ணி, எல்லோருக்கும் காகா, அதாவது சித்தப்பா, வந்து கதவைத் தட்டினார். பாங்கில் ஓய்வு பெற்றவர், பிறவி நடுவர். "அண்ணா, சலா!" என்றார். கிளம்புங்க என்று அர்த்தமாம். எனக்கு ஆடத் தெரியாது என்று என் ஹிந்தியில் சொன்னேன். தெற்கத்திக்காரர்களின் அடக்கம் என்று அதை எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

மட்டையோடு போய் நின்றபோது உள்ளங்கை வேர்த்து, மட்டை கெண்டை மீன்போல வழுக்கியது. அண்ணாந்து பார்க்கிறேன், மூன்றாம் மாடி பால்கனியில் என் மனைவி கவிதா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் அவமானப்படுவதைப் படம் பிடித்து சூலூரில் உள்ள அவள் அண்ணனுக்கு அனுப்பப் போகிறாள். எனக்கு வந்த பீதியில் வலது கையை முழுசாகத் தூக்கி, அவளை நோக்கி விரலை நீட்டி, "போனைக் கீழ வையி! உள்ள போ!" என்று கத்தினேன்.

தமிழ் தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் பார்த்தது வேறு. புதிதாக வந்த ஆள் ஒருத்தன் கட்டடத்துக்கு மேலே, மதிலுக்கு அப்பால், கையைக் காட்டித் தன் பாஷையில் கர்ஜிக்கிறான். பந்து போடுபவருக்கு ரோஷம் வந்து வேகமாக எறிந்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு மட்டையைச் சுற்றினேன். பந்து கவிதாவின் தலைக்கு மேலே போய், கட்டடத்தைத் தாண்டி, மதிலைத் தாண்டி, ராணுவத்தில் சேர்ந்துவிட்டது. குல்கர்ணி காகா விரலைத் தூக்கினார். அவுட். நான் நிம்மதியாக நடையைக் கட்டினேன். அதற்குள் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவுட் ஆனவனைத் தூக்குவது மராட்டிய வழக்கம்போலிருக்கிறது, ஊருக்குப் போனால் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஊர்ப் பேச்சில் அந்தப் பந்து தண்டவாளம் வரைக்கும் போயிருந்தது. அதற்கும் இரண்டு வருடம் கழித்து, ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்குள் ஜன்னல் வழியாக விழுந்து மிரஜ் போய்ச் சேர்ந்திருந்தது. காகா தூக்கிய விரல், பந்து போன பாதையைக் காட்டிய விரலாக மாறிவிட்டது. காகாவே அப்படித்தான் சொல்கிறார், சத்தியம் வேறு செய்கிறார். நான் அவுட் என்பது கதையிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. கைகாட்டியது மட்டும் நின்றது.

இதில் அமெரிக்கா வந்து சேர்ந்தது என் வாயால். எங்கள் வால்வுகளை வாங்கும் கம்பெனியின் வால்டர் என்பவரோடு வெள்ளிக்கிழமை மாலைதோறும் போனில் பேச வேண்டும். எத்தனை வார்ப்பில் ஓட்டை, ஏன் ஓட்டை என்று ஒரு மணி நேரம் கேட்பார். ஒருநாள் ஓட்டைகள் குறைவு, மனிதர் நல்ல மனநிலையில் இருந்தார். நேரம் போக்க என் கதையை எடுத்துவிட்டேன். அவர் குரல் இறங்கி, கோயிலில் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தார்.

பேஸ்பாலில் நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு அடிகாரர் இருந்தாராம். பெரிய தொப்பை, மெல்லிய கால்கள். அந்த விளையாட்டில் வேலியைத் தாண்டி அடிப்பதுதான் ஆகப் பெரிய காரியம், அது அவருக்குப் பல் துலக்குவது மாதிரி. ஒரு முக்கியமான பந்தயத்தில் எதிரணியினர் ஓரத்தில் உட்கார்ந்து அவரைக் கண்டபடி ஏசிக்கொண்டிருந்தார்கள். அவர் கையைத் தூக்கி நீட்டினார். அடுத்து வேலிக்கு அப்பால் அடித்தார். அந்த இடத்தைத்தான் முன்கூட்டியே காட்டினார் என்கிறார்கள் பாதிப் பேர். ஏசியவர்களைத் திருப்பி ஏசக் கை நீட்டினார், அவ்வளவுதான் என்கிறார்கள் மீதிப் பேர். இன்றுவரை தீரவில்லை. அவரிடமே கேட்டபோது ஒரு நாள் ஒரு மாதிரி சொன்னாராம், பிற்பாடு ஆமாம் என்று தலையாட்டிவிட்டாராம். வால்டரின் தாத்தா அன்று மைதானத்தில் இருந்தாராம். "எல்லோருடைய தாத்தாவும் இருந்தார்" என்று வால்டரே சிரித்தார். பிறகு சட்டென்று கேட்டார், "நீ நிஜமாகவே கை காட்டினாயா?"

"காட்டினேன், ஆனால்..." என்றேன். அந்த "ஆனால்" கடலைத் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் அவர் சந்தோஷத்தில் கூவிவிட்டார். மறுநாள் எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டுவிட்டார். டிஸ்பாட்சில் வேலை பார்க்கும் மகேஷ் எங்கள் பி கட்டடத்துக்காரர். திங்கட்கிழமைக்குள் செய்தி பரவிவிட்டது. அமெரிக்காவில் ஒருத்தர், இங்கே நம்ம அண்ணா.

முன்பின் தெரியாத அந்தத் தொப்பைக்காரர்மேல் எனக்கு ஒரு பங்காளிப் பாசம் வந்தது. அவர் ஏன் தலையாட்டினார் என்று எனக்குத் தெரியும். மறுத்தால் நூறு பேருக்கு முகம் வாடும், தலையாட்டினால் நமக்குக் கழுத்துகூட வலிக்காது. என்ன, அவர் அப்புறமும் அடித்துக்கொண்டே இருந்தார். நான் மட்டையைத் தொடவே இல்லை. ஒவ்வொரு மகாராஷ்டிர தினத்துக்கும் எனக்கு ஒரு நோய் வந்தது. இடுப்பு, முழங்கால், பிரதோஷ விரதம், ஒரு தடவை மாமியார். "ஏனுங்க, காகாகிட்ட நெசத்தைச் சொல்லிறட்டுமா?" என்று கவிதா மிரட்டி மிரட்டியே பதினோரு வருடம் குப்பை கொட்ட வைத்தாள், நிஜமான குப்பையை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். தண்ணீர் லாரி வந்தால் எனக்கு முதல் குடம், விநாயகர் ஊர்வலத்தில் முன்வரிசை, "வோ மதராஸி" போய் "ஆம்ச்சே அண்ணா". எங்கள் அண்ணா. இத்தனை வருடத்தில் இந்த ஊரில் நான் சம்பாதித்த இடம் அந்த ஒரு அவுட்டில் வந்தது.

இந்த வருடம் சிக்கல் என் வீட்டிலேயே முளைத்தது. என் மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. கைக்குழந்தையாக வரவில்லையே தவிர, அவள் ஊர் இதுதான். தமிழைப் படிகளில் இறங்குவதுபோல் பார்த்துப் பார்த்துப் பேசுவாள், மராத்தியில் குதித்து ஓடுவாள். வேகப்பந்து போடுவாள். சக பெண்களுக்கு அல்ல, ஆண்கள் அணிக்கே போட வேண்டும் என்று ஒரு வருடமாகக் காகாவிடம் மல்லுக்கட்டினாள். கடைசியில் காகா இறங்கி வந்தார். மகாராஷ்டிர தினத்துக்கு பி கட்டடத்தில் ஆள் குறைகிறது, அந்த அணியில் ஒரே ஒரு ஓவர் தருவோம், விக்கெட் எடுத்தால் மற்றக் குடியிருப்புகளோடு ஆடும் அணியில் அவளுக்கு இடம். கீப்பராகப் பக்கத்து வீட்டு சானிகாவும் வரலாம். விஷயம் தெரிந்ததும் ஏ கட்டடத்தார் அவளைச் சமாளிக்க யாரை இறக்குவது என்று கூடிப் பேசி, என் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு உடனே இடுப்பு வலித்தது. யாழினி அறையிலிருந்து வந்து, "பப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. வருவார்" என்றாள்.

போட்டியன்று காலை உப்புமா சாப்பிடும்போது கேட்டாள், "பப்பா, கரெக்ட்டா சொல்லுங்க. நீங்க அன்னிக்கு நிஜமா காட்டித்தான் அடிச்சீங்களா? அப்படின்னா உங்களுக்கு ஷார்ட் பால் போடக்கூடாது. இல்லேன்னா யார்க்கர், நேரா காலடியில."

"பாக்கலாம் சாமி" என்றேன்.

"அரே, பாக்கலாம்னா என்ன?"

"சொல்லித் தொலைங்களேன், புள்ள கேக்குதுல்ல" என்றாள் கவிதா. நான் உப்புமாவில் கடுகு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மட்டையோடு இறங்கியபோது இரண்டு கட்டடமும் கையைத் தூக்கியிருந்தது. ஷிண்டே கேட்டைப் போட்டுவிட்டு வந்திருந்தார். பால்கனிகளில், படிகளில், எங்கும் விரல்கள், எல்லாம் மதிலுக்கு மேலே. "அண்ணா, தாக்வா!" என்று ஒரே கூச்சல். காட்டு, காட்டு. என் கையும் பழக்க தோஷத்தில் பாதி எழுந்துவிட்டது. எதிரே யாழினி பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வராமல் நின்றாள். "பப்பா, சொல்லுங்க" என்றாள். ரொம்ப மெதுவாக, ஆனால் கேட்டது.

பீதியில் எனக்கு வருவது எப்போதும் ஒன்றுதான், சத்தம். "நான் கை காட்டல சாமி! உங்கம்மாவைப் போனைக் கீழ வைக்கச் சொன்னேன்! கண்ணை மூடிட்டுச் சுத்துனேன்! அன்னிக்கு நான் அவுட்டு!" என்று குடியிருப்பே அதிரக் கத்தினேன். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அதே கர்ஜனை, அதே பாஷை!

யாழினி பந்தைக் கையில் ஒரு தடவை திருப்பிப் பிடித்தாள். பிறகு ஓடி வந்தாள். யார்க்கர். என் மட்டை கீழே இறங்குவதற்குள் நடு ஸ்டம்ப் சானிகாவின் காலடியில் கிடந்தது. முதல் பந்திலேயே போல்டு. பதினான்கு வயதுப் பெண் துள்ளிய துள்ளலை நான் பார்த்தேன். அது எத்தனை நேரம் இருந்தது என்றால், மகேஷ் வாயைத் திறக்கும்வரை.

"அண்ணா என்ன பந்து போடணும்னு அவளுக்குத் தமிழ்ல சொல்லிக் கொடுத்தார், பார்த்தீங்களா?" என்றார் மகேஷ், ஹிந்தியில். "பேட்டி கே லியே விக்கெட் தே தியா!" மகளுக்காக விக்கெட்டையே கொடுத்துவிட்டார். வடாபாவ் தட்டு சுற்றி முடிவதற்குள் அது வரலாறு ஆகிவிட்டது. காகா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு யாழினி தலையில் கை வைத்து, அப்பா கொடுத்த விக்கெட்டைக் கணக்கில் எடுக்க முடியாதம்மா, அடுத்த வருடம் பார்ப்போம் என்று அன்பாகச் சொன்னார். நான் ஓடிப் போய் மறுத்தேன். சத்தியமாக எனக்கு ஆடத் தெரியாது என்றேன். எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவு உயர்ந்தேன். அன்றைக்குக் கையை இழுத்துப் போன அதே அடக்கம் என் கழுத்தைப் பிடித்தது. கவிதா போய் நடந்ததைச் சொன்னாள். கணவனின் தியாகத்தை மறைக்கும் மனைவி என்று அவளுக்கும் ஒரு பங்கு புகழ் கிடைத்தது.

"என் விக்கெட்டை நீங்க எடுத்துட்டீங்க" என்றாள் யாழினி, மூன்று நாள் கழித்து என்னோடு பேசிய முதல் வாக்கியமாக. "உண்மையைச் சொன்னீங்க, ஓகே. யாருக்கும் புரியாத பாஷையில சொன்னீங்க. பத்து வருஷம் முன்னாடியே மராத்தி கத்துக்கிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

சுவர்க் காலண்டரில் தாளைக் கிழித்தேன். அன்றைக்கு அது இரண்டாவது தாள்.

"எழுதியாவது வைங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். எனக்கு ஒழுங்காக எழுத வருவது தமிழ் ஒன்றில்தான். இதைப் படிக்கும் நீங்கள் யாரும் அந்தப் பந்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் என் வீட்டாரைத் தவிர யாருக்கும் இதைப் படிக்கத் தெரியாது. கூடத்தில் யாழினி என் தாள்களை மடியில் வைத்து, விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் கற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறாள். கடினமான பக்கங்களைத் தள்ளிவிட்டுத் தனக்கு வேண்டிய வரியைக் கண்டுபிடித்துவிட்டாள். "மு... தல்... பந்... தி... லே... யே..." பக்கத்தில் சானிகா பொறுமையில்லாமல், "காய், காய்?" என்று கேட்கிறாள். என்ன, என்ன? யாழினி நிமிர்ந்து மராத்தியில் சொல்கிறாள். சானிகா, "மாஹீத் ஆஹே, மீ மாகேச் ஹோதே" என்கிறாள். தெரியுமே, நான் பின்னாலேயேதானே நின்றேன். மறுபடி வாசி என்கிறாள். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். தமிழில் எழுத்தெழுத்தாக, மெதுவாக அவுட் ஆகிறேன். மராத்தியில் ஒரே மூச்சில்.