கேபிள்காரருக்கு மிஞ்சிய ஒரே சொல்

பட்டறைக்காரர்கள் அவரைக் கேபிள்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய லாரி, வேன்களைக் கேபிளால் இணைத்து அவற்றின் கோளாறைக் கணினியில் காட்டும் மென்பொருளை, அதைச் செய்த கம்பெனிகளே கைகழுவிய பிறகும், ஏதாவதொரு லேப்டாப்பில் ஏற்றி ஓடவைத்துவிடுவார். எதையும் எழுதிவைக்கிற ஆளில்லை. "எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். ஒருநாள் காலை பல் துலக்கும்போது அந்தத் தலைக்குள்ளேயே ரத்தக்குழாய் வெடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "பின்னாடி."

பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். முதுகில் படுக்கைப்புண் வந்துவிட்டதோ என்று மனைவி ஒவ்வொரு தடவையும் அவரைப் புரட்டிப் பார்ப்பாள்.

எட்டு மாதம் கழித்துப் பட்டறை முதலாளி ஒரு லேப்டாப்பும் அந்தக் கேபிளுமாக வந்தார். "அண்ணி, அண்ணன் ஏத்திக் கொடுத்த பழைய லேப்டாப் செத்துப்போச்சு. ஒரு ஆம்புலன்ஸ் ஸ்டார்ட் ஆகாம நிக்குது. இதுல ஏத்த முடியுமா பாருங்க. பக்கத்துல இருந்து பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தான்."

கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் முழுக்க லேப்டாப் கேபிளையே கண்டுகொள்ளவில்லை. அவருடைய பிஸ்கட் டப்பாவிலிருந்த சிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில், ஒன்பதாவதில் கேபிளை அடையாளம் காட்டும் 'டிரைவர்' நிரல் கிடைத்தது. மறுநாள் மென்பொருள் ஏறியது. திறந்தாலோ, உரிமக் காலம் முடிந்தது என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். ஐந்து தடவையும் அதே பல்லவி.

"பின்னாடி" என்றார் அவர். புரட்டிப் பார்த்தாள், புண் இல்லை. "பின்னாடி! பின்னாடி!" இடக்கையால் சுவரில் அறைந்தார்.

"கொஞ்சம் சும்மா இருங்க! உங்க முதுகுல ஒரு மண்ணும் இல்ல. நானே மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று கத்திவிட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம், லேப்டாப்பைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். அவருடைய இடக்கை விரல் திரையின் மூலைக்குப் போய், அங்கிருந்த தேதிமேல் நின்றது. "பின்னாடி."

"தேதியவா? தேதியப் பின்னாடி தள்ளணுமா?"

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பன்னிரண்டு வருஷம் பின்னே தள்ளினாள். மென்பொருள் திறந்துகொண்டது. சின்னப் பிள்ளை மாதிரி கைகொட்டிச் சிரித்தாள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. நேற்றெல்லாம் அவர் விடையைத்தானே சொல்லியிருக்கிறார்! அப்படியானால் இந்த எட்டு மாதமும்? மகள் வேலைக்காக வெளியூர் கிளம்பிய அன்று, வண்டி சத்தம் அடங்கும்வரை கட்டிலிலிருந்து கூவினாரே?

"அன்னைக்குப் பொண்ணுகிட்ட என்னங்க சொல்ல வந்தீங்க?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாளே ஆம்புலன்ஸ் ஓடியது. மூன்று வாரத்தில் பக்கவாதம் இன்னொரு முறை தாக்கி, அவர் போய்ச் சேர்ந்தார். மகள் அலறியடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா ஏதாவது சொன்னாராம்மா?"

"சொல்லிக்கிட்டேதான்டி இருந்தார்" என்றாள் தாய். "எனக்குத்தான் புரியல."