கனகாம்பரமும் தேன்சிட்டும்

கல்யாணமான முதல் பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சிறுமலை அடிவாரக் காட்டுக்குக் குருவி பார்க்கக் கிளம்பினார் என் வீட்டுக்காரர். நாகல் நகர் தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“இம்புட்டுப் பூவை வச்சுக்கிட்டு வந்தா எந்தக் குருவி கிட்ட வரும்?”

“வராட்டா போகட்டும். பூவை எடுக்க மாட்டேன்.”

தலை நிறையக் கனகாம்பரம். அதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் பழக்கமே கிடையாது.

காட்டில் அவர் முன்னால் உட்கார்ந்து, இரவல் வாங்கிய பைனாகுலரில் தூரத்து மரங்களைத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. பின்னால் இருந்த என் காதோரம் திடீரென்று விர்ரென்று சிறகடிக்கும் சத்தம். தலைப்பூவை எதுவோ கொத்தியது.

“என்னங்க, தலையில ஏதோ...”

திரும்பியவர் பழக்கதோஷத்தில் பைனாகுலரையே கண்ணில் வைத்தார். கை எட்டும் தூரத்தில் அதில் என்ன தெரியும்? இறக்குவதற்குள் தேன்சிட்டு பறந்துவிட்டது. வாலை மட்டும் பார்த்தாராம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு அவரே பூ வாங்கி வந்து நீட்டினார். பொண்டாட்டி மேல் இம்புட்டு ஆசையா என்று தெருவே மெச்சியது. “தலையை மட்டும் ஆட்டாம உக்காரணும்” என்று அவர் காதோடு சொன்னது எனக்குத்தானே தெரியும்!