கண்ணாடிக்குள்ளே மூஞ்சி தெரியணும்

கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும் தொழிலில், வருகிறவர் எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: தன்னை யாரும் பார்க்கக் கூடாது, தன் வண்டியை எல்லாரும் பார்க்கணும். கவுண்டருக்குப் பின்னால் நின்று, சிரித்த முகமாக "முடியாதுங்க" சொல்லிப் பிழைக்கிறவராக நீங்கள் இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

பென்னலூர் பக்கம் ரோட்டோரம் எங்கள் கடை. முதலாளி பாஸ்கர் அண்ணன். ஃபிலிம் ஒட்டுவது தூத்துக்குடிக்காரர் முருகேசன். வருகிறவர்களிடம் பேசி, சாம்பிள் காட்டி, ஆர்டர் பிடிப்பது நான்.

ஒரு நாள் காலையில் பாப்பாவை எல்.கே.ஜி.யில் விடுவதற்காக ரோடு தாண்டிக்கொண்டிருந்தேன். ரோடு தாண்டுகிறவர்கள் வண்டியையா பார்க்கிறோம்? டிரைவர் மூஞ்சியைத்தானே பார்ப்போம். அவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தால்தான் காலை எடுத்து வைப்போம். அன்றைக்குத் திருப்பத்தில் வளைந்து வந்த வண்டியில் மூஞ்சியே இல்லை. கறுப்புதான் இருந்தது. பாப்பாவை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக விழுந்தேன். தாண்டிப் போன வண்டியின் பின்னால் எங்கள் கடை ஸ்டிக்கர்.

கடைக்குப் போய் முழங்கையில் மண்ணோடு அண்ணனிடம் சொன்னேன்: இனிமேல் பக்க ஜன்னலுக்குக் கறுப்பு கிடையாது. சட்டம் பக்கக் கண்ணாடியில் பாதி வெளிச்சமாவது உள்ளே போகணும் என்கிறது. பார்க்கிற பக்கத்துக்குத் தக்கபடி கலர் மாறுகிற ஃபிலிமிலேயே அதற்கு ஏற்றது இருக்கிறது, அதை நான் விற்றுக் காட்டுகிறேன். ஆயுத பூஜை வரைக்கும் உன் இஷ்டம் என்றார் அண்ணன். அதற்குள் வியாபாரம் தேறாவிட்டால் கறுப்பு ரோல் திரும்ப ஷெல்ஃபில் ஏறும், கவுண்டருக்கும் வேறு ஆள். நான் பழையபடி கம்பெனியில் லைன் வேலைக்குத்தான் போகணும். ஷிஃப்ட் வேலைக்குப் போனால் பாப்பாவை உத்திரமேரூரில் அம்மாவிடம் விடணும். அது நடக்காது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பாக்கெட்டில் போட்ட நம்பர்

முதலில் வந்தவர் ஒரு லைன் சூப்பர்வைசர். ஆன்லைனில் வாங்கிய ஃபிலிமைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பாக்கெட்டில் ஐம்பது என்று போட்டிருந்தது, அதாவது நூற்றுக்கு ஐம்பது பங்கு வெளிச்சம் விடும். சட்டத்துக்குச் சரியாக வாங்கிவிட்டேன், ஒட்டிக் கொடுத்தால் போதும் என்றார். இந்த ஏரியாவில் பாதிப் பேர் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். முருகேசன் சொல்லித் தரும்வரை எனக்கும் தெரியாது.

ஒன்றும் ஒட்டாத வெறும் கண்ணாடியில் வெளிச்சம் அளக்கிற மீட்டரை வைத்துக் காட்டினேன். கம்பெனியிலிருந்து வரும்போதே கண்ணாடியில் லேசாகப் பச்சை ஓடும். கால்வாசி வெளிச்சத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். அவருடைய ஃபிலிம் துண்டைச் சோப்புத் தண்ணீர் அடித்து மேலே வைத்ததும் மீட்டர் நாற்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. எழுபது நம்பர் ஃபிலிமை வைத்தேன். ஐம்பதைத் தாண்டி நின்றது. ஃபிலிமுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது சார், கண்ணாடியையும் சேர்த்துப் பார்க்கணும் என்றேன். மனுஷர் மீட்டரை வாங்கி, பக்கத்தில் நின்ற அண்ணனுடைய வண்டி, அதற்கடுத்த வண்டி எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"கண்ணாடியே கால்வாசிய துன்னுச்சுன்னா, அப்பால எனக்கு இன்னாம்மா மிச்சம் கீது ஒட்டறதுக்கு?"

நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று

கலர் மாறுகிற ஃபிலிமைக் கடைக்குள்ளே காட்டக் கூடாது என்பது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. வெளிச்சம் நிறைய விடுகிற ஃபிலிம், டியூப்லைட்டின் கீழே எண்ணெய்க் காகிதம் மாதிரிதான் இருக்கும். நாலைந்து பேர் பார்த்துவிட்டு, இதுக்கா இவ்வளவு பேச்சு என்று போய்விட்டார்கள். அதன் பிறகு நான் கவுண்டரில் சாம்பிள் காட்டுவதே இல்லை. வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லி, ஜன்னலில் ஒரு துண்டை ஈரத்தோடு ஒட்டிவிட்டு, ஆளை வண்டியைச் சுற்றி வரச் சொல்லுவேன். நேரே நின்றால் இளநீலம், ரெண்டு அடி தள்ளினால் ஊதா, பின்னாடி போய்த் திரும்பினால் பச்சை.

கூடவே ஒரு மூஞ்சிப் பரீட்சையும் உண்டு. முருகேசன் உள்ளே உட்கார்ந்து ஏதாவது சேஷ்டை செய்வார். வெளியே நிற்கிறவர் அது என்ன என்று சொல்லணும். சொல்லிவிட்டால் ஒட்டுவோம்.

சங்கரன்கோவிலிலிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தம்பி ஒருத்தர், செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கிய ஜோரில் வந்தார். ஊருக்குப் போய் இறங்கும்போது தெருவே பார்க்கணுமாம், அதற்குக் கன்னங்கரேல் என்று வேணுமாம். சுற்றி வரச் சொன்னேன். வந்தார். மறுபடியும் சுற்றினார். மூன்றாவது சுற்றில் அவருடைய ரூம்மேட்டும் சேர்ந்துகொண்டார். உள்ளே முருகேசன் நாக்கைத் துருத்தினார். தம்பி சரியாகச் சொல்லிவிட்டார், ஆனால் முகம் யோசனையில் இருந்தது. என்ன யோசனை என்று கேட்டேன். கறுப்பு ஒட்டினால் ஊரில் இறங்கும்வரை உள்ளே இருப்பது யார் என்று அத்தை மகளுக்குத் தெரியாதே என்று ரூம்மேட் போட்டுக் கொடுத்தார். தம்பி அவரை முறைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எக்கா, இதையே ஒட்டிருங்க. இவன் கெடக்கான்."

வேனில் வந்த பெண்கள்

ஷிஃப்டுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன் ஒன்று வந்தது. டிரைவருக்கு வலது கை வெயிலில் வெந்துபோகிறதாம். அது நியாயம்தான். அதற்காக டிரைவர் பக்க ஜன்னலை இருட்டடிக்கச் சொன்னார். வெயிலின் சூட்டைத் தடுக்கக் கறுப்பு வேண்டியதில்லை, இந்த ஃபிலிமே தடுக்கும் என்றேன். ஒரு துண்டை ஒட்டி, கையை ஜன்னலோரம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நம்பாமல் வைத்தார். ஃபிலிம் துண்டு இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் மாறி மாறி வைத்துக்கொண்டே இருந்தார்.

ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்கள் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். டியூட்டி அசதியில் பாதிப் பேர் தூக்கம். டிரைவர் கடைசி முயற்சியாக, இருட்டாக இருந்தால் நீங்களும் நன்றாகத் தூங்கலாமே என்று அவர்களைத் துணைக்குக் கூப்பிட்டார். தலையைத் துப்பட்டாவால் மூடியிருந்த ஒருத்தி கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

"நாங்க தூங்கறோம்ணே. நீங்க முழிச்சிக்கினு கீறீங்களான்னு ரோட்ல போறவங்களாவது பாக்கட்டும்."

குன்றத்தூர்ப் பெரியவர்

ஆவணி பிறந்தும் வியாபாரம் சுமாராகத்தான் இருந்தது. அப்போது வந்தார் குன்றத்தூர்ப் பக்கம் மனை விற்கிற ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, வெள்ளை வண்டி. முன் ஜன்னல் உட்பட எல்லாம் கறுப்பு, அதற்கு மேலே கலரும் மாறணும் என்றார். இவரைப் பார்த்து இவர் ஆட்கள் நாலு பேர் வருவார்கள் என்று அண்ணன் என் காதோரம் சொன்னார். ஜன்னலுக்குக் கறுப்பு முடியாதுங்கய்யா என்றேன். வெயிலில் நிறுத்தினேன், மீட்டர் காட்டினேன், மூஞ்சிப் பரீட்சைக்கும் கூப்பிட்டேன். என் மூஞ்சியை ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் எதற்குப் பார்க்கணும் என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். நாலு கடை தள்ளி இன்னொரு ஃபிலிம் கடை வாசலில் அதே வண்டி நின்றதை நானும் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார்.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஆயுத பூஜை கிட்ட வந்துக்கினே கீது. இன்னும் யார் யாரத் தொரத்தப் போறேன்னு முன்னாடியே சொல்லிடும்மா."

அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாவை அழைத்துக்கொண்டு அதே திருப்பத்தில் நின்றேன். ஊதாவும் பச்சையுமாக மின்னிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. சங்கரன்கோவில் தம்பி. கண்ணாடிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தார், நிறுத்தினார், போங்க என்று கை காட்டினார். ரோட்டைத் தாண்டி முடித்ததும் தோன்றியது, தொரத்தினால் தொரத்தினதுதான்.

வணக்கம்

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கடை வாசலில் வெள்ளை வண்டி. நாலு கண்ணாடியும் கன்னங்கரேல். யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. குன்றத்தூர்ப் பெரியவர். போலீஸ் பிடித்துவிட்டதா என்று அண்ணன் பதறினார். அதெல்லாம் இல்லை என்றார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. முன் ஜன்னலைத் தட்டினார். இது எல்லாவற்றையும் கிழித்துவிட்டு அன்றைக்குக் காட்டியதை ஒட்டச் சொன்னார். ஏனுங்கய்யா என்று நான் கேட்டிருக்க வேண்டியதில்லைதான். ஆனாலும் கேட்டேன்.

"ஊருக்குள்ள பூந்து வர்றேன், உள்ள நான் கீறேன்னு ஒருத்தனுக்கும் தெர்ல. இவ்ளோ நாளா ஒரு வணக்கம் வரலம்மா."

முருகேசன் சிரிப்பை அடக்கக் குனிந்து பசை சுரண்டினார். பெரியவரே வெயிலில் நின்று பரீட்சை நடத்தினார். உள்ளே முருகேசனை உட்காரவைத்துத் தனக்கு ஒரு கும்பிடு போடச் சொல்லி, அது நன்றாகத் தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அவர் ஆட்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். எல்லாருக்கும் மூஞ்சி தெரிகிற ஃபிலிம்தான் வேண்டுமாம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடை சாத்தும்போது அண்ணன் மூலையில் கிடந்த கறுப்பு ரோலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"இத்த எட்த்துனு போய் நம்ம பாத்ரூம் ஜன்னல்ல ஒட்டிடு. அங்கதான் யாரும் வணக்கம் வைக்க மாட்டாங்க."

ஆக, மூஞ்சியை மறைக்கணும் என்று வந்த ஊர், மூஞ்சியைக் காட்டணும் என்று ஒட்டிக்கொண்டு போகிறது, இதற்கு நடுவில் வெயிலில் நின்று கறுத்தது என் மூஞ்சி மட்டும்தான்.