கையைத் தட்டிவிடாத பிள்ளை

என் தங்கை தெசிதேரியா எங்கள் ஊரில் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து மலேரியா பார்ப்பவள். என்னைப் போல அவளும் ஏழாவதோடு நின்றவள். ஆறு வாரப் பயிற்சியில் எழுதிய இரண்டு நோட்டுகளுக்கு இன்னும் உறை மாற்றிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அந்த மார்ச் மாதத்தைத்தான் சொல்வேன்.

நெல் காவலுக்கு நாங்கள் குடும்பத்தோடு ஆற்றுக்கு அப்பால் போய்ப் பரணில் தங்குவோம். அந்த வருடம் கிலொம்பேரோ ஆறு பெருகி வயல்மேட்டைச் சுற்றி வளைத்துவிட்டது. மேட்டில் மூன்று குடும்பங்கள். இருந்ததோ பக்கத்து வயல் கசியானியின் ஒற்றைத் தோணி.

செவ்வாய் மாலை என் மகள் எடித்தாவுக்குக் காய்ச்சல். நான்கு வயது. மீந்திருந்த அரை மாத்திரையைக் கொடுத்தேன். வியாழன் காலை கசியானி உப்பு வாங்க ஊருக்குப் போய், காய்ச்சல் என்று கேட்டுக் கிளம்பிய தங்கையையும் ஏற்றி வந்தார். அவர்கள் கரையேறும்போது எடித்தாவுக்கு வலிப்பு வந்துவிட்டது.

"பறவை நிழல் விழுந்திருக்கு. அதால வர்ற டெகெடெகே வலிப்புதான்," என்றார் கசியானி. "யானை லத்தியக் கொளுத்திப் புகை போடு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி குத்துவான், ஊசி பட்டா பிள்ளை செத்துரும். என் தோணியில ஏத்த மாட்டேன்."

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஊசி போட்டதும் உயிர் போனதை இரண்டு வீடுகளில் பார்த்தவன். புகை போட்டோம். வலிப்பு நின்றது.

"பாத்தியா, தூங்குது."

"தூங்குற பிள்ளைய எழுப்பலாமே பெரியவரே. எழுப்புங்க," என்றாள் தங்கை.

அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் உலுக்கினேன். தங்கை விரல்முட்டியால் நெஞ்செலும்பை அழுத்தித் தேய்த்தாள். "தூங்குறவ கையத் தட்டிவிடுவா. இல்லேன்னா அழுவா." எடித்தாவின் கை அசையவில்லை. கண்கள் பாதி திறந்து மேலே செருகியிருந்தன. தண்ணீர் புகட்டப்போன என் மனைவியை, புரையேறிவிடும் என்று தங்கை தடுத்தாள். விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்த சோதனை அட்டையில் இரண்டு கோடுகள்; மலேரியாதான்.

"சாதாக் காய்ச்சல் வலிப்புன்னா, நின்ன கொஞ்ச நேரத்துல முழிச்சிருவா. இது மூளைக்குப் போன மலேரியா, அண்ணே." ஆசனவாய் வழியாக ஒரு மருந்தை வைத்தாள். "இதுல ஊசி கிடையாது. ஆனா இது கட்டுச்சோறு மாதிரி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும்தான்."

"பாதி வழியில பிள்ளைக்கு ஏதாவது ஆனா என் தோணிக்குக் கெட்ட பேரு," என்றார் கசியானி.

சுற்றிலும் தண்ணீர். நீந்திப் போகலாமா என்றுகூட யோசித்தேன்.

"அண்ணே, நீ பாத்த ரெண்டு பிள்ளைக்கும் எத்தனாவது நாள் ஊசி போட்டாங்க?"

எண்ணிப் பார்த்தேன். "ஒண்ணுக்கு மூணாம் நாள். இன்னொண்ணுக்கு நாலாம் நாள். அதுவரைக்கும் புகைதான்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, கொன்றது ஊசி இல்லை, தாமதம் என்று. தங்கை கசியானி பக்கம் திரும்பினாள்.

"உங்க தோணிக்கு எப்ப நல்ல பேரு இருந்துச்சு? இன்னைக்கு வந்த உப்புல பாதி கரைஞ்சு போச்சு," என்றாள் தங்கை.

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே துடுப்புக் கழியை எடுத்தார்.

ஆற்றைக் கடக்க இரண்டரை மணி நேரம். தங்கை எடித்தாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி ஏறும்போது நான் சுவர் பக்கம் திரும்பி நின்றேன்.

சனிக்கிழமை காலை நர்ஸ் நெஞ்செலும்பை அழுத்தினார். எடித்தா முகம் சுளித்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அடிக்கிறா," என்றார் கசியானி. அவரும் வயலுக்குத் திரும்பியிருக்கவில்லை.

எடித்தாவுக்கு இடது கால் இன்றும் கொஞ்சம் இழுக்கிறது. "செவ்வாய்க்கிழமையே ஆள் அனுப்பியிருக்கலாம் அண்ணே," என்று தங்கை ஒரே ஒரு முறை சொன்னாள். வருடாவருடம் வயலுக்குக் கிளம்புகிறவர்களைக் கூட்டி அவள் நோட்டை வாசிக்கும்போது, செவ்வாய் முதல் வியாழன் வரை நான் செய்ததை நானே எழுந்து சொல்கிறேன்.