எர்சிலியா திறக்காத கேட்

சிலி நாட்டின் கொய்ஐக்கே ஊர் மேட்டு வளைவில் அந்தப் பழைய சுபாரு காரின் தடதடப்பு, ஒரு துடிப்பு தவறியது போல விட்டுவிட்டுக் கேட்டதுமே, எர்சிலியா மாவுக் கையோடு ஓடிப்போய் கேட்டைத் திறந்து வைப்பாள். மகன் அரியேல் ஒருநாளும் ஹாரன் அடித்ததில்லை.

எஞ்சின் படுத்துவிட்டது. மெக்கானிக்கான அப்பா பெலிசாரியோ வேறொன்றை மாட்டினார். கையோடு புகைக்குழாய்களையும் சம நீளத்தில் வெட்டிப் பற்றவைத்தார். தடதடப்பு போய், வண்டி பூனை போலச் சத்தமில்லாமல் ஓடியது.

“என்னப்பா, டாக்ஸி மாதிரி ஆக்கிட்டீங்க?”

“தடதடப்பு கோளாறுடா. கோளாறை எவனாவது கொஞ்சுவானா?”

“அப்ப இது என் வண்டியில்ல, உங்க வண்டி. இந்த வீட்டுல எதுதான் என்னோடது?”

பேச்சு முற்றியது. அன்றே அதே வண்டியில் சுரங்க வேலைக்குப் போனவன், போனையும் எடுக்கவில்லை. பனிக்காலம் முழுக்க எர்சிலியாவின் காது வளைவிலேயே கிடந்தது.

“வருவான்டி. உன் பிடிவாதம்தானே அவனுக்கும்” என்பார் பெலிசாரியோ. சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை தேய்ந்தது.

பனி உருகிய பிறகு ரொட்டி வாங்கப் போனார். கடைக்காரி ஓர்த்தென்சியா கேட்டாள்:

“பையன்கிட்ட இன்னும் கோபமா, மாமா? பெரும்பனி கொட்டுன அன்னிக்கு சாயங்காலம் வந்திருந்தானே. எஞ்சினை அணைக்காம, உங்க மூடின கேட்டையே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் திருப்பிக்கிட்டுப் போயிட்டான்.”