மாப்பிள்ளையின் மூக்கடைப்பு

எங்கப்பா பினாங்கு துறைமுகத்துல கிராணி. கணக்கெழுதுறதுதான் வேலை, ஆனா மனசுக்குள்ள பெரிய வைத்தியர்னு நினைப்பு. ஊர்க்கப்பல்ல சரள தேவதாரு, அதாங்க பைன் மரக்கட்டை, வந்து இறங்கினா முதல் துண்டு எங்க வீட்டுக்குத்தான். அதைச் சீவி, கொதிக்கிற தண்ணியில போட்டு, போர்வையை மூடி ஆவி பிடிச்சா எப்பேர்ப்பட்ட மூக்கும் திறந்துக்குமாம். தெருவுல யாராவது தும்மினா போதும், கையைப் பிடிச்சு உள்ளே இழுத்துட்டு வந்துடுவார். தபால்காரரைக்கூட விட்டதில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்னிக்கு அப்படியொரு மழை. மாப்பிள்ளை கடலுக்கு அக்கரையில சுங்கை பாக்காப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். படகுல தொப்பலா நனைஞ்சு வந்து சேர்ந்தார். ஜன்னல் இடுக்கு வழியா பார்த்தேன். பிடிச்சுப்போச்சு. சும்மா இல்லை, ரொம்பவே பிடிச்சுப்போச்சு! பார்த்துக்கிட்டே நின்னதுல அடுப்புல கேசரி அடிப்பிடிச்சுடுச்சு.

அம்மா தலையில அடிச்சுக்கிட்டு, சாம்பிராணி போட்டுக் கருகல் வாசனையை மறைச்சாங்க. கூட வந்த பெரியவருக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பைத் தொடலை. "எல்லாம் பொண்ணு கைப்பக்குவம்"னு அம்மா கூசாம மாப்பிள்ளை கையில தட்டைக் கொடுத்தாங்க. அவர் ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க"ன்னார், அடைச்ச குரல்ல. மூக்கடைச்ச மனுஷனுக்கு என்ன தெரியும்? தப்பிச்சோம்டா சாமின்னு நினைச்சேன்.

"தம்பிக்கு மூக்கடைப்பா?" அப்பா முகத்துல அப்படியொரு சந்தோஷம்.

போச்சு! அம்மா கண்ணைக் காட்டினாங்க, இருமிப் பார்த்தாங்க. அப்பா எங்கே கவனிச்சார்? "ஐயா, பரவாயில்லைங்க ஐயா"ன்னு மாப்பிள்ளை கெஞ்சக் கெஞ்ச, பானை வந்துடுச்சு, போர்வையும் வந்துடுச்சு. கதவுக்குப் பின்னாடி நின்னு அப்பாவையும் அந்தப் பாழாய்ப்போன மரத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

போர்வையை எடுத்தா, மாப்பிள்ளை முகம் சிவந்து, வேர்த்து வழியுது. நீளமா ஒரு மூச்சு இழுத்தார். தட்டைக் கையில எடுத்தார். முகர்ந்தார். அப்புறம் மெதுவா நிமிர்ந்து, நான் நின்ன கதவையே பார்த்தார். எனக்கு உயிரே போயிடுச்சு.

"எப்படி தம்பி? திறந்துக்கிச்சா?"

மிச்சக் கேசரியை வழிச்சு வாயில போட்டுக்கிட்டார். அதுவரைக்கும் ஐயா ஐயான்னு கூப்பிட்டவர், கணீர்னு சொன்னார்:

"இல்லீங்க மாமா. இன்னும் அடைச்சுத்தான் இருக்கு."